மணலுக்கு வந்த விலை

எங்கள் கொத்தமங்கலத்தையும் சுற்றுப்பட்ட செட்டிநாட்டு ஊர்களையும் பார்த்தவர்களுக்கு ஒரு விஷயம் உடனே கண்ணில் படும். தெருவிலிருந்து வீட்டுக்குள் நுழைய வேண்டுமானால் பல படிகள் ஏற வேண்டும். முகப்புத் திண்ணையே ஆள் மட்டத்துக்கு நிற்கும். மழை என்பது எப்போதாவது எட்டிப் பார்த்துவிட்டுப் போகிற விருந்தாளியாக இருக்கும் வறண்ட பூமியில் எதற்காக இத்தனை உயரம்?

பெரியவர்களைக் கேட்டால் ஒரு கதை சொல்வார்கள். நகரத்தார்களின் முன்னோர்கள் ஒரு காலத்தில் காவிரிப்பூம்பட்டினத்தில் கடலோரமாகக் குடியிருந்தார்களாம். கடல் பொங்கி ஊரை விழுங்கியதாம். தப்பிப் பிழைத்தவர்கள், இனிமேல் கடல் வாடையே வேண்டாம் என்று பாண்டிய நாட்டின் உள்ளே வந்து குடியேறினார்களாம். அப்படியும் தண்ணீர்ப் பயம் தெளியாமல் அடித்தளத்தை உயர்த்திக் கட்டினார்களாம். இது சரித்திரமா, கதையா என்பதை ஆராய்ச்சிக்காரர்கள் பார்த்துக்கொள்ளட்டும். கதையில் உள்ள புத்திமதி நமக்குப் போதும். கடலைக் கடந்து போய்ச் சம்பாதிக்கலாம். சம்பாதித்ததைக் கொண்டுவந்து கடல் எட்டாத இடத்தில்தான் வீடாக்க வேண்டும். ரங்கூனுக்கும் பினாங்குக்கும் கொழும்புக்கும் கப்பலேறியவர்கள் தலைமுறை தலைமுறையாக அப்படித்தான் செய்தார்கள்.

அவர்களுடைய பேரப் பிள்ளைகள் இன்று சென்னையில் வீடு தேடுகிறார்கள். தரகர் முதலில் சொல்லுகிற வார்த்தை என்ன தெரியுமா? "பால்கனியில் நின்றால் கடல் தெரியும், சார்!" அந்த ஒரு வாக்கியத்துக்காகப் பல லட்சம் ரூபாய் அதிகம் கேட்கிறார். இவர்களும் கொடுக்கிறார்கள். தாத்தாவுக்குத் தாத்தா எதைக் கண்டு ஓடினாரோ அதை ஜன்னல் வழியாகப் பார்ப்பதற்குப் பேரன் பணம் கொடுக்கிறான்.

கடல் அன்றைக்கு இருந்தபடியேதான் இருக்கிறது. அதே உப்பு, அதே அலை. அப்படியானால் இடையிலே நடந்தது என்ன? சென்னையில் சாந்தோமிலிருந்து பெசண்ட் நகர் வரையில் கிடக்கிற அந்த மணலுக்கு விலை வந்த கதையை ஆதியோடந்தமாகப் பார்த்தால் இதற்கு விடை கிடைக்கும்.

1639-ஆம் ஆண்டில் கிழக்கிந்தியக் கம்பெனியைச் சேர்ந்த பிரான்ஸிஸ் டே என்பவர், தாமர்ல வேங்கடாத்ரி நாயக்கரிடம் அனுமதி பெற்று ஒரு மணல் திட்டில் இறங்கினார். கம்பெனிக்கு வேண்டியிருந்தது துணி வியாபாரம்; கடற்கரையின் அழகைப் பற்றி அது கவலைப்படவில்லை. நல்ல துறைமுகமா என்றால் அதுவும் இல்லை. கப்பல்கள் தூரத்தில் நங்கூரம் பாய்ச்சி நிற்கும். ஆட்களும் சரக்கும் மசூலாப் படகிலே ஏறி அலையோடு மல்லுக்கட்டிக் கரை சேர வேண்டும். பாதி சரக்கு நனைந்து போனாலும் போனதுதான்.

அந்த நாளில் நிலத்தின் மதிப்பைக் கோட்டைச் சுவரிலிருந்துதான் அளந்தார்கள். சுவருக்கு உள்ளே இருந்த சிறிய வீட்டுக்கு இருந்த கிராக்கி, வெளியே கண்ணுக்கெட்டிய தூரம் பரந்து கிடந்த மணலுக்கு இல்லை. காரணம் பயம். 1746-இல் பிரெஞ்சுக்காரர்கள் வந்து கோட்டையையே பிடித்துக்கொண்டார்கள். 1769-இல் ஹைதர் அலி பட்டணத்து வாசல் வரையில் வந்து நின்று, தன் இஷ்டப்படி சமாதானம் எழுதி வாங்கிக்கொண்டு போனார். தெற்கே சாந்தோமில் போர்ச்சுகீசியர்கள் பதினாறாம் நூற்றாண்டிலேயே ஊர் கட்டி வாழ்ந்திருந்தார்கள். 1749-இல் அது ஆங்கிலேயர் கைக்கு வந்தது. ஆனாலும் குதிரைப் படை எந்த நேரத்திலும் வரக்கூடிய இடத்தில் தோட்டம் போட்டு வாழ யாருக்குத் துணிச்சல் வரும்?

1792-இல் திப்பு சுல்தானோடு சமாதானம் ஏற்பட்டது. 1799-இல் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்தது. அதோடு குதிரைக் குளம்புச் சத்தம் ஓய்ந்தது. துரைமார்கள் கோட்டைப் புழுக்கத்தை விட்டு வெளியே வந்தார்கள். ஏக்கர் கணக்கில் வளைத்துப் போட்டு, நடுவிலே தூண் வைத்த பங்களா கட்டி, அதற்குத் 'தோட்டம்' என்று பெயர் வைத்தார்கள். அடையாற்றின் வடகரையில் ஜேம்ஸ் பிராடி என்ற கம்பெனி உத்தியோகஸ்தர் 11 ஏக்கரில் 1796-ஆம் ஆண்டு வாக்கில் கோட்டை மாதிரி ஒரு மாளிகை கட்டினார். 'வீட்டைக் கட்டிப் பார்' என்று நம்மவர்கள் சொன்னது பிராடி துரைக்கும் பொருந்திற்று. பணமுடை வந்து வீட்டை வாடகைக்கு விடும்படி ஆயிற்று. சில ஆண்டுகளுக்குள் அதே அடையாற்றில் படகு கவிழ்ந்து அவர் இறந்தும் போனார். அந்த மாளிகையில்தான் பிற்காலத்தில் அரசாங்க இசைக் கல்லூரி வந்தது. ஆசைப்பட்டவர் ஆற்றோடு போனார். அவர் கட்டிய சுவர் ஸரிகமபதநி கேட்டுக்கொண்டிருக்கிறது.

ஆற்றங்கரையும் கடற்கரையும் இப்படியாக மவுசு பெற்றுவிட்டன. இனிமேல் விலை ஏறிக்கொண்டே போயிருக்க வேண்டும் அல்லவா? அதுதான் இல்லை. இந்தக் கதையிலேயே ரஸமான கட்டம் இங்கேதான் வருகிறது.

1882-ஆம் ஆண்டு கர்னல் ஆல்காட்டும் பிளாவட்ஸ்கி அம்மையாரும் தங்கள் பிரம்மஞான சபைக்கு ஒரு நிரந்தர இடம் தேடிச் சென்னைக்கு வந்தார்கள். அடையாற்றின் தென்கரையில், ஆறு கடலோடு கலக்கும் இடத்துக்குப் பக்கத்தில், ஹடில்ஸ்டன் தோட்டம் என்று ஒன்று விலைக்கு வந்தது. 27 ஏக்கர் நிலம். நடுவிலே பெரிய பங்களா. அது தவிர வெளி வீடுகள், லாயம், மரங்கள். எல்லாம் சேர்த்து விலை சுமார் 9,000 ரூபாய்!

இன்றைய மனைக் கணக்கில் போட்டுப் பார்ப்போம். ஒரு கிரவுண்டு என்பது 2,400 சதுர அடி. 27 ஏக்கர் என்றால் சுமார் 490 கிரவுண்டு. அப்படியானால் கிரவுண்டு ஒன்றுக்கு 18 ரூபாய்தான். பங்களாவும் மரங்களும் இலவசம். அந்தக் காலத்து 18 ரூபாய் என்றால் இந்தக் காலத்துக்கு எவ்வளவோ ஆயிற்றே என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். தங்கத்தை வைத்தே அளந்து பார்த்துவிடலாம். அன்று இங்கிலீஷ் பவுன் ஒன்று சுமார் 12 ரூபாய். ஆகவே ஒரு கிரவுண்டின் விலை ஒன்றரைப் பவுன். இன்றைக்கு ஒன்றரைப் பவுனை எடுத்துக்கொண்டு அந்தப் பக்கம் போனால், பாய் விரித்துப் படுக்கிற அளவு இடம்கூடக் கிடைக்காது.

ஏன் இவ்வளவு மலிவு? இதற்குக் காரணத்தை ஆல்காட்டே எழுதி வைத்திருக்கிறார். நீலகிரி மலையின் அடிவாரத்துக்கு ரயில் போட்டுவிட்டார்கள். மேட்டுப்பாளையம் வரையில் 1873-இல் ரயில் ஓட ஆரம்பித்தது. சென்னையிலிருந்து உதகமண்டலம் போவது பழைய நாளில் பெரும் பிரயாணம். இப்போது ஒரு நாள் காரியமாகிவிட்டது. கவர்னரும் பெரிய உத்தியோகஸ்தர்களும் வருஷத்தில் பாதியை மலை மேலேயே கழிக்கத் தொடங்கினார்கள். கடற்காற்றுக்காகக் கட்டிய பெரிய பங்களாக்களைக் கேட்பாரில்லை. ஹடில்ஸ்டன் தோட்டத்துக்கு அவர் கொடுத்த விலை, கட்டடத்தை இடித்து மரத்தையும் கல்லையும் விற்றால் என்ன கிடைக்குமோ அவ்வளவுதானாம். அவர் வாங்கியிராவிட்டால் அது இடிபடத்தான் இருந்ததாம்.

வாசகர்கள் இதைக் கொஞ்சம் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். அடையாற்றில் ஒரு கல்லும் பெயரவில்லை. கடற்காற்று நிற்கவில்லை. முன்னூறு மைலுக்கு அப்பால் எங்கோ ஒரு மலையடிவாரத்தில் தண்டவாளம் போட்டார்கள். இங்கே ஒரு மாளிகை விறகு விலைக்கு வந்துவிட்டது.

மாளிகையின் விலையை மலை ரயில் இறக்கியது என்றால், மணலின் விலையை ஏற்றியது துறைமுகம். அதுவும் யாரும் திட்டமிட்டுச் செய்ததல்ல. 1876-இல் சென்னைத் துறைமுகத்துக்குக் கடலுக்குள் கற்சுவர் போடத் தொடங்கினார்கள். 1881-இல் ஒரு புயல் வந்து செய்த வேலையில் பெரும் பகுதியை நாசமாக்கிற்று. சர்க்கார் விடவில்லை, மறுபடியும் கட்டினார்கள். நம் கிழக்குக் கடற்கரையில் ஆண்டின் பெரும் பகுதியில் அலைகள் மணலைத் தெற்கேயிருந்து வடக்கே தள்ளிக்கொண்டு போகும். அந்த மணல் துறைமுகச் சுவரில் முட்டிக்கொண்டது. தெற்கே ஒதுங்கியது, ஒதுங்கி ஒதுங்கி அகலமான மணல் வெளியாயிற்று. அதற்கு முன்னால் கடல் இன்றைய கடற்கரைச் சாலைக்கு வெகு அருகில் இருந்தது. கவர்னராக இருந்த கிராண்ட் டஃப் 1880-களில் அங்கே உலாவும் சாலை அமைத்து, மெரினா என்று பெயரும் வைத்தார்.

தெற்கே மணல் சேர்ந்தால் வடக்கே என்ன ஆகும்? வடக்கே போக வேண்டிய மணல் போகவில்லை. கடல் தன் பசிக்குக் கரையையே தின்னத் தொடங்கிற்று. ராயபுரத்திலிருந்து வடக்கே கடலோரக் குப்பங்களில் தெருத் தெருவாகக் கடல் கொண்டு போயிற்று. ராயபுரம் சாமானியப்பட்ட இடமா? தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856-இல் அங்கிருந்துதான் புறப்பட்டது. இன்றைக்கு அந்தப் பக்கத்துக் கரையைக் கருங்கல்லைக் கொட்டித்தான் காப்பாற்ற வேண்டியிருக்கிறது. ஒரே சுவர், அதற்குத் தெற்கே இருந்தவன் காற்று வாங்கினான், வடக்கே இருந்தவன் வீட்டைப் பறிகொடுத்தான். தென் சென்னை மனைகளின் விலையைப் பற்றிப் பெருமையாகப் பேசுகிறவர்கள், அந்த விலையில் ஒரு பகுதி வடசென்னையிலிருந்து கடலே எடுத்து வந்து கொடுத்தது என்பதையும் நினைத்துக்கொண்டால் நல்லது.

1906 அக்டோபர் 22-ஆம் தேதி ஆர்பத்நாட் கம்பெனி திவாலாயிற்று. அந்த வெள்ளைக்கார பாங்கில் பணம் போட்டிருந்த ஆயிரக்கணக்கானவர்களின் வயிற்றில் நெருப்பு விழுந்தது. துரைமார் கம்பெனி என்றால் அசையாது என்ற நம்பிக்கை அன்றோடு போயிற்று. மறு ஆண்டே வி. கிருஷ்ணசாமி ஐயர் முதலானோர் முயற்சியில், நகரத்தார்களின் முதலும் சேர்ந்து இந்தியன் பாங்கு பிறந்தது. துரைமார் வாழ்ந்த தோட்டங்கள் மெல்ல மெல்ல வக்கீல்கள், வியாபாரிகள், ஜமீன்தார்கள் கைக்கு வந்துகொண்டிருந்த காலமும் இதுதான். எங்கள் செட்டிநாட்டுக் கானாடுகாத்தானைச் சேர்ந்த ராஜா சர் அண்ணாமலைச் செட்டியாரின் பெயரால் அடையாற்றின் வடகரையில் ஒரு பேட்டையே எழுந்தது. அதுதான் ராஜா அண்ணாமலைபுரம். கடலைக் கண்டு உள்நாட்டுக்கு ஓடிய கூட்டம் மறுபடியும் கடலோரத்துக்கு வந்து சேர்ந்துவிட்டது!

ஆனால் கடல் தன் பழைய குணத்தை அவ்வப்போது ஞாபகப்படுத்தாமல் இல்லை. 1914 செப்டம்பர் 22-ஆம் தேதி இரவு ஜெர்மன் கப்பல் எம்டன் வந்து துறைமுகத்துப் பக்கத்து எண்ணெய்த் தொட்டிகளைக் குண்டு போட்டுக் கொளுத்திவிட்டுப் போயிற்று. இன்றைக்கும் எதற்கும் அஞ்சாத ஆளை நாம் 'எம்டன்' என்கிறோமே, அது அந்த இரவின் மிச்சம்தான். அதைவிடப் பெரிய பயம் 1942-இல் வந்தது. ஜப்பான்காரன் ரங்கூனைப் பிடித்துவிட்டான். அடுத்தது சென்னைதான் என்று செய்தி பரவிற்று. அந்த ஏப்ரலில் சர்க்காரே ஜனங்களை ஊரைக் காலி செய்யச் சொல்லிற்று. அலுவலகங்கள் உள்நாட்டு ஊர்களுக்கு மூட்டை கட்டின. கடலைப் பார்த்த வீடு என்று சொன்னால் சண்டையைப் பார்த்த வீடு என்று அர்த்தமாயிற்று. வாடகைக்கு ஆள் இல்லை; வாங்குவதற்கு ஆள் இல்லை. பட்டணத்து வீட்டை வந்த விலைக்குத் தள்ளிவிட்டுக் கிராமத்துக்குப் போனவர்களின் பேரப் பிள்ளைகள் இன்னும் அதைச் சொல்லிப் பெருமூச்சு விடுகிறார்கள். அன்றைக்குத் துணிந்து வாங்கிப் போட்டவர்களின் பேரப் பிள்ளைகளோ அதைத் தாத்தாவின் சாமர்த்தியம் என்கிறார்கள்.

சண்டை முடிந்தது, சுதந்திரம் வந்தது. அடையாற்றில் காந்திநகர் எழுந்தது. 1961-இல் வீட்டுவசதி வாரியம் ஏற்பட்டது. பெசண்ட் நகர் அந்த வாரியம் மனை பிரித்தும் வீடு கட்டியும் கொடுத்த பேட்டை. உத்தியோகஸ்தர்களும் மாதச் சம்பளக்காரர்களும் தவணை கட்டி வாங்கினார்கள். அதுவும் சந்தோஷமாகவா? "அத்தனை தூரம் யார் போவது? உப்புக் காற்றிலே ஜன்னல் கம்பி துருப்பிடிக்குமே! ராத்திரியில் திருடன் வந்தால் கூப்பிட ஆள் இருக்காதே!" என்றெல்லாம் உறவினர்கள் பயமுறுத்தினார்கள். வேளாங்கண்ணி மாதா கோயிலும் அஷ்டலட்சுமி கோயிலும் 1970-களில் கடலோரத்தில் எழுந்தன. பெரம்பூரிலிருந்து 29சி பஸ் வந்தது. துணைக்குத் தெய்வமும் போய்வரப் பஸ்ஸும் இருந்தால் தமிழன் எங்கேதான் குடியிருக்க மாட்டான்?

1991-க்குப் பிறகு நடந்ததைப் பலரும் கண்ணாலேயே பார்த்திருக்கிறார்கள். வெளிநாட்டுக் கம்பெனிகள் வந்தன. தெற்கே கம்ப்யூட்டர் கம்பெனிகள் வரிசையாக எழுந்தன. தனி வீடுகளைப் புரமோட்டர்கள் இடித்து அடுக்குமாடி கட்டினார்கள். வீட்டுக்காரருக்குப் பாதி, கட்டினவருக்குப் பாதி. அதே 1991 பிப்ரவரியில் மத்திய சர்க்கார் கடலோர ஒழுங்குமுறை அறிவிக்கை ஒன்றையும் கொண்டுவந்தது. அலை ஏறும் எல்லையிலிருந்து 500 மீட்டர் வரைக்கும் கட்டடங்களுக்குக் கட்டுப்பாடு. நோக்கம் கரையைக் காப்பது. ஆனால் வியாபாரத்தில் ஒரு விசித்திரம் உண்டு. இனிமேல் புதிதாக அதிகம் வராது என்று தெரிந்தால், இருப்பதற்கு விலை கூடிவிடும். கட்டக்கூடாது என்ற சட்டம், முன்பே கட்டியவருக்கு வரமாயிற்று.

2004 டிசம்பர் 26-ஆம் தேதி காலையில் ஆழிப் பேரலை வந்தது. காவிரிப்பூம்பட்டினத்துக் கதையைக் கேலி செய்தவர்களெல்லாம் அன்றைக்கு வாயடைத்து நின்றார்கள். நாகப்பட்டினம் மாவட்டம் ஒன்றிலேயே ஆயிரக்கணக்கானோர் மாண்டார்கள். சென்னையிலும் மணலில் விளையாடிய குழந்தைகளும் குப்பத்து ஜனங்களும் போனார்கள். சிறிது காலம் கடலோர மனை என்றால் ஜனங்கள் யோசித்தார்கள். பிறகு விலை மறுபடியும் ஏறத் தொடங்கிற்று. 2015 டிசம்பரில் அடையாறு பொங்கிக் கரையோர வீடுகளின் மாடி வரைக்கும் ஏறியது. அப்போதும் யோசித்தார்கள், அப்புறமும் விலை ஏறிற்று. மனிதனுக்கு மறதியைப் போலச் சுறுசுறுப்பான தரகர் வேறு இல்லை.

சர்க்கார் கணக்கில் நிலத்துக்கு வழிகாட்டி மதிப்பு என்று ஒன்று உண்டு. 2017 ஜூனில் அதை மாநிலம் முழுவதும் 33 சதவிகிதம் குறைத்தார்கள். 2023 ஏப்ரலில் பழையபடி உயர்த்தினார்கள். ஒரே காகித உத்தரவில் மண் மூன்றில் ஒரு பங்கு மலிவாயிற்று. இன்னொரு காகிதத்தில் அது திரும்பி வந்தது. மண்ணின் பாட்டில் மண் கிடந்தது.

இந்த ஏற்ற இறக்கம் எதிலும் சேராத ஒரு கூட்டம் அதே கரையில் இருக்கிறது. ஊரூர்க் குப்பம், ஆல்காட் குப்பம், நொச்சிக்குப்பம் என்று பெயர்கள். ஹைதர் காலத்திலும் கடல் அவர்களுக்குத் தொழிற்சாலை, எம்டன் வந்த மறுநாளும் தொழிற்சாலை, இன்றும் அதுவே. மணல் அவர்களுக்கு வலை உலர்த்துகிற களம், படகு நிறுத்துகிற கொட்டில், மீன் விற்கிற சந்தை. துரைமார் மலைக்குப் போன நாளில் அவர்கள் போகவில்லை. ஜப்பான்காரன் வருகிறான் என்று பட்டணம் காலியான நாளிலும் கடலை விட்டால் அவர்களுக்குப் பிழைப்பு இல்லை. ஆனால் மணலுக்குக் கிரயப் பத்திரம் எழுதுகிற காலம் வந்தபோது அவர்களிடம் காட்டுவதற்குக் காகிதம் இல்லை.

1985-இல் மெரினாவை அழகுபடுத்த வேண்டும் என்று கட்டுமரங்களையும் வலைகளையும் அப்புறப்படுத்தப் போனார்கள். மீனவர்கள் மறித்தார்கள். துப்பாக்கிச் சூடு நடந்து உயிர்கள் போயின. 2023-இல் கடற்கரை லூப் சாலையில் மீன் விற்கிற பெண்களால் போக்குவரத்துக்கு இடைஞ்சல் என்று உயர் நீதிமன்றத்தில் பேச்சு வந்தது. சாலை முதலில் வந்ததா, மீன்கூடை முதலில் வந்ததா என்று கேட்டால் பதில் சொல்வது கஷ்டமில்லை. கரையில் நிலையாக இருந்தவனுக்கு விலை உயர்வால் லாபம் இல்லை. அவன் நிற்கிற இடம்தான் குறுகிக்கொண்டே வருகிறது. இந்த வரவு செலவில் யாரும் எழுதாத பற்று அதுதான்.

கடலோரத்தைப் பற்றி இவ்வளவும் சொன்னது எங்கள் ஊரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்வதற்காகத்தான். கடல் கடந்து தேடிய பணம் செட்டிநாட்டில் வீடாக நின்றது. பர்மாத் தேக்குத் தூண், இத்தாலியச் சலவைக்கல், முட்டை வெள்ளைக்கரு கலந்த சுண்ணாம்புப் பூச்சு, ஆத்தங்குடிக் கல் பாவிய தளம். முகப்பு, பட்டாலை, வளவு, இரண்டாங்கட்டு என்று ஒரு தெருவில் ஆரம்பித்து அடுத்த தெருவில் முடிகிற வீடுகள். பிறகு பர்மாவில் அடி விழுந்தது. 1930-இல் உலகெங்கும் விலைகள் சரிந்தபோது கடன் வாங்கிய விவசாயிகளால் திருப்ப முடியவில்லை. பணத்துக்குப் பதில் வயல் வந்தது. கீழ்ப் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் 1930-இல் நிலத்தில் 6 சதவிகிதம் செட்டியார்கள் கையில் இருந்தது. 1938-இல் அது 25 சதவிகிதமாயிற்று. காகிதத்தில் பெரிய ஆஸ்தி. 1942-இல் ஜப்பான் படையெடுப்பு. 1948-இல் நிலச் சட்டம். 1963-இல் பாங்குகள் தேசியமயம். கால் மூட்டையோடு திரும்பியவர்கள் பலர்.

பணம் அனுப்புகிற கை நின்றது. பிள்ளைகள் சென்னைக்கும் கோயமுத்தூருக்கும் வெளிநாட்டுக்கும் போனார்கள். ஒரு வீட்டுக்கு இருபது, முப்பது பங்காளிகள். ஓடு மாற்ற வேண்டுமானால் முப்பது பேர் கையெழுத்துப் போட வேண்டும். இடிப்பதற்கும் அதே முப்பது பேர்தான். இடிப்பதற்குக் கையெழுத்துச் சீக்கிரம் கிடைக்கிறது. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளில் நம் வீட்டு நிலைப்படியும் தூணும் ஜன்னலும் விலைச் சீட்டோடு நிற்கின்றன. வெளியூர்க்காரர்கள் வந்து அவற்றை லாரியில் ஏற்றுகிறார்கள். அவற்றில் சில, கடலோரச் சாலையில் புதிதாக எழுகிற பங்களாக்களுக்கு வாசல் கதவாகவும் போய்ச் சேருகின்றன.

'யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன்' என்பார்கள். வீட்டுக்கு அந்த யோகம் கிடையாது. இருக்கிற வீட்டுக்கு ஒரு விலை, இடித்த வீட்டுக்கு மர விலை. ஹடில்ஸ்டன் தோட்டம் 1882-இல் நின்ற இடத்தில்தான் செட்டிநாட்டு வீடுகள் இன்று நிற்கின்றன. அதாவது, மர விலையில் நிற்கின்றன. அந்தத் தோட்டத்துக்கு அப்போது வந்த துரதிர்ஷ்டத்துக்குக் காரணம் தோட்டத்தில் இல்லை. எங்கோ போட்ட ரயில்தான் காரணம். நம் வீடுகளுக்கு வந்ததும் அப்படியே. சுவரில் பழுதில்லை. மனிதர்களின் பாதை வேறு பக்கம் திரும்பிவிட்டது.

பாதை ஒரு தடவை திரும்பியது போல இன்னொரு தடவையும் திரும்பும். அதற்குள் வீடு நின்றுகொண்டிருக்க வேண்டும் என்பதுதான் பிரச்னை. எங்கள் கொத்தமங்கலத்திலேயே சுமார் 1910-இல் கட்டிய சாரதா விலாஸ் என்ற பெரிய வீடு இருக்கிறது. பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர்கள் இருவர் அதைப் பழமை கெடாமல் செப்பனிட்டு விருந்தினர் விடுதியாக்கினார்கள். 2014-இல் செட்டிநாட்டு ஊர்கள் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இடம் பெற்றன. கானாடுகாத்தானிலும் சில வீடுகள் விடுதியாகிப் பிழைத்துக்கொண்டன. எல்லா வீடும் விடுதியாக முடியாது; அத்தனை விருந்தாளிகளுக்கு எங்கே போவது? ஆனால் ஓடு ஒழுகாமல், கதவு மூடியபடி, இன்னும் இருபது வருஷம் நிற்கும்படி செய்வதற்குப் பங்காளிகள் தலைக்கு இவ்வளவு என்று போட்டால் போதும். கோயில் திருப்பணிக்கும் படைப்புக்கும் புள்ளி வரி போட்டுப் பழகிய நமக்கு இது தெரியாத கணக்கா?

ஆல்காட் வாங்கிய தோட்டம் அன்னி பெசண்ட் காலத்தில் விரிந்து இருநூறு ஏக்கருக்கு மேல் ஆயிற்று. அதைச் சுற்றி நாலு பக்கமும் மாடிமேல் மாடி எழுந்துவிட்டது. உள்ளே மட்டும் மரங்கள் நிற்கின்றன, பறவைகள் வருகின்றன. தென் சென்னையின் அந்தப் பகுதிக்கு மூச்சுவிட ஓர் இடம் இருக்கிறதென்றால், மர விலைக்கு வந்த ஒன்றை மரத்துக்காக வாங்காமல், விலை ஏறியபோதும் விற்காமல் வைத்திருந்தார்கள் என்பதுதான் காரணம்.

காரைக்குடிக் கடைக்காரரிடம் தூணுக்கு விலை பேசப் போகிறவர்கள், கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் ஒரு தடவை சென்னைக்குப் போய் அந்த மரங்களின் கீழே நடந்துவிட்டு வரட்டும். மற்றப் பங்காளிகள் இருபத்தொன்பது பேரையும் கூட்டிக்கொண்டு போனால் இன்னும் விசேஷம்.